போர் தண்ணீரும் கருநீல பலேனோவும்: வீட்டிலேயே கார் பெயின்ட் பராமரித்த அனுபவம்

வண்டி 2019-இல் வாங்கிய மாருதி பலேனோ. நிறம் நெக்ஸா நீலம். அது நிற்பது மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில். வண்டியின் பின்பாதிக்குக் கூரை உண்டு, முன்பாதிக்குப் பக்கத்து மனையின் மாமரம்தான் கூரை. கழுவக் கிடைப்பது போர் தண்ணீர். கோடை முற்றினால் லாரித் தண்ணீர். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி எங்கள் பக்கம் தொடங்கியதிலிருந்து சிமென்ட் தூசிக்கும் குறைவில்லை. கருநீல வண்டியை வைத்துக்கொள்ள இதைவிட மோசமான இடம் தேடினால்தான் கிடைக்கும்.

இத்தனை ஆண்டுகளில் ஷாம்பு, வேக்ஸ், பதிந்த தூசியை எடுக்கும் களிமண் கட்டி, செராமிக் ஸ்ப்ரே என்று பலவற்றை வாங்கிப் பயன்படுத்திவிட்டேன். ஆனால் பெயின்டுக்கு அதிக நன்மை செய்தது இவற்றில் எதுவும் இல்லை. தினமும் வண்டியைத் துடைக்க விடாததுதான்.

சென்னை அடுக்ககங்களில் விடியற்காலையில் ஒருவர் வாளியும் துணியுமாக வருவார். மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசிக்கொண்டால் தினமும் வண்டியைத் துடைத்துவிட்டுப் போவார். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். மூன்றாவது வண்டிக்கு வரும்போதே வாளியின் அடியில் மணல் தங்கியிருக்கும். அந்த மணல் துணியில் ஏறி ஒவ்வொரு பானட்டிலும் தேய்கிறது. எங்கள் வரிசையிலேயே இதே நிறத்தில், ஏறக்குறைய இதே வயதில் இன்னொரு பலேனோ நிற்கிறது. நாள் தவறாமல் துடைக்கப்படும் வண்டி அது. தொலைவிலிருந்து பார்த்தால் அதுதான் எங்கள் வண்டியைவிடப் பளிச்சென்று இருக்கும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அருகே போனால் பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். நிறத்தின் ஆழமே போய்விட்டது. நீலம் சாம்பல் பூத்துத் தெரிகிறது.

துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அத்தனை வண்டிகளையும் ஏழு மணிக்குள் முடிக்க வேண்டிய மனிதர், வண்டிக்கு வண்டி தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வண்டிக்கு அவரிடம் வேறு ஏற்பாடு: கண்ணாடிகள், சக்கரங்கள், உள்ளே மிதியடி, அவ்வளவுதான். பெயின்டைத் தொட வேண்டாம். சம்பளத்தில் குறைவில்லை. முதலில் வினோதமாகப் பார்த்தார், பிறகு பழகிவிட்டது.

கீறல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பெயின்டின் கட்டமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பு, வெயிலைத் தாங்கும் சக்தி இரண்டுமே இந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. கீறலைப் போக்க காம்பவுண்ட் என்ற அரைக்கும் பசையைப் போடுவது என்றால் கீறலை அடைப்பது அல்ல. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சீவி எடுப்பது. கையிருப்பைக் கரைத்துத்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. மெட்டாலிக் அல்லாத சாதாரண நிறம் பூசிய சில வண்டிகளில், குறிப்பாக வெள்ளையில், கிளியர் கோட்டே இருக்காது. பாலிஷ் போடும்போது துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வகை என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றி ஷாம்பு விளம்பரங்கள் வாய் திறப்பதே இல்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா வடிவக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்புடையது என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போர் தண்ணீர் அதைப் போல மூன்று மடங்கைச் சாதாரணமாகக் காட்டும். அந்தத் தண்ணீர் பானட்டில் உலர்ந்தால் உப்பு அங்கேயே தங்கி வெள்ளைப் புள்ளியாகிவிடும். வெயில் பட்டுப் பட்டு அந்தப் புள்ளி கிளியர் கோட்டில் பதிந்துபோனால் பாலிஷ் இல்லாமல் எடுக்க முடியாது. புதிய புள்ளி என்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து ஓரிரு நிமிடம் போர்த்தி வைத்துவிட்டு அலசினால் போதும்.

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து வண்டி கழுவுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் செறிந்து இருக்கிறது. மிதியடி கழுவலாம், தரை கழுவலாம், பெயின்டுக்கு ஆகாது. அதற்கு நேர்மாறானது ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கும் நீர் என்பதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. எங்கள் கருவியில் இரண்டு இலக்கத்தைத் தாண்டியதில்லை. சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவு ஏ.சி. ஓடினால் ஏறக்குறைய ஒரு வாளி நிறைந்துவிடும். கழுவுவதெல்லாம் போர் தண்ணீரில். கடைசியாக மேலிருந்து கீழே மெதுவாக ஊற்றுவது மட்டும் ஏ.சி. தண்ணீர். இந்த ஒரு வாளி செய்யும் வேலையை எந்த விலையுயர்ந்த திரவமும் எங்கள் வீட்டில் செய்ததில்லை.

கழுவும் முறையில் புதுமை ஒன்றும் இல்லை. வெயில் ஏறுவதற்கு முன், புறங்கையால் தொட்டால் பானட் குளிர்ந்திருக்கும்போது தொடங்க வேண்டும். முதலில் துணி படாமல் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட வேண்டும். பாதி வேலை இதுதான். மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம் தரைத்தளத்தில் போதவில்லை என்பதால் வாளியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும் சிறிய பிரஷர் வாஷர் வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் எடுக்கும், குழாயைத் திறந்து விடுவதைவிடச் சிக்கனம். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். தேய்த்துக் கழுவும் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் மீண்டும் முக்க வேண்டும். கூரையில் தொடங்கி கீழே வர வேண்டும். கதவின் அடிப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் தனித் துணி. தேய்ப்பது நேர்க்கோட்டில் இருக்கட்டும். வட்டமாகத் தேய்ப்பது காலங்காலமாக வந்த கைப்பழக்கம், மாற்றிக்கொள்ளச் சில வாரம் ஆகும்.

ஷாம்புவில் பெரிய ரகசியம் இல்லை. 3எம் ஷாம்பு, உள்நாட்டு வேவெக்ஸ் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறேன். கழுவி முடித்த வண்டியில் வேறுபாடு காண முடியவில்லை. நுரையின் அளவைப் பார்த்து மயங்க வேண்டாம்; வழுக்கல்தான் முக்கியம். துணி துவைக்கும் தூளையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெயின்ட் ஒரே நாளில் கெட்டுவிடாது என்றாலும் பூசிய வேக்ஸை அவை கரைத்துக்கொண்டு போய்விடும்.

துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் நம் ஊரில் மலிவு. இன்ஜின் அறைக்கு அது அருமையான துணி. பெயின்டுக்குத் தடித்த மைக்ரோஃபைபர்தான். வாங்கியதும் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எடுத்துவிட வேண்டும், அதன் முனையே கீறும். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இழைகள் நீரை உறிஞ்சும் தன்மையை இழந்துவிடும். கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் இதற்காக எனக்குக் கஞ்சன் என்ற பெயர் போய் ஊதாரி என்ற பெயர் வந்திருக்கிறது.

இனி மாமரம். தை, மாசியில் மாம்பூ பூக்கும்போது தத்துப்பூச்சிகள் சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற பிசினைக் கழிக்கும். காலையில் பார்த்தால் கண்ணாடியும் பானட்டும் பிசுபிசுவென்று இருக்கும், அதன் மேல் தூசியும் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்புவும் போதும், ஆனால் நான்கைந்து நாள் விட்டால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். அதைவிட அவசரமானது பறவை எச்சம். அமிலம் மட்டும் காரணமல்ல. வெயிலில் கிளியர் கோட் சற்றே இளகி விரியும். குளிரும்போது சுருங்கி, காய்ந்த எச்சத்தின் மேடுபள்ளத்தை அப்படியே அச்செடுத்துக்கொள்ளும். நாவல் பழக் காலத்தில் ஊதா எச்சம் இரட்டிப்புத் தொல்லை. வண்டியில் ஒரு தண்ணீர் ஸ்ப்ரேயும் இரண்டு துணியும் எப்போதும் வைத்திருக்கிறேன். நனைத்த துணியை எச்சத்தின் மேல் சில நிமிடம் போட்டுவிட்டு, அழுத்தாமல் தூக்கி எடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு இரவில் ஜி.எஸ்.டி. சாலையில் வந்தால் பம்பரில் அப்பும் ஈசலுக்கும் இதே வைத்தியம். தார்ப் புள்ளிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டால் இளகி வந்துவிடும், பிறகு ஷாம்புவால் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். கட்டுமான இடத்தில் சொட்டும் சிமென்ட் பாலை மட்டும் சுரண்டவே கூடாது. வினிகரில் பொறுமையாகக் கரைக்க வேண்டும்.

ஆயுத பூஜை தனிக் கதை. சந்தனம் காய்ந்தால் கழுவும்போது போய்விடும். சிக்கல் குங்குமத்தில்தான்; கடைக் குங்குமத்தின் சாயம் வெள்ளை வண்டிகளில் இளஞ்சிவப்புக் கறையாக வாரக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பொட்டைக் கண்ணாடியில் வைத்தால் போதாதா என்று அம்மாவிடம் கேட்டேன். வண்டிக்கு நெற்றி எது என்று அம்மா முடிவு செய்துவிட்டார், அது பானட்தான். எனவே முந்தைய நாள் பானட்டுக்கு வேக்ஸ் பூசிவிடுவது எங்கள் வீட்டுச் சடங்காகிவிட்டது. மறுநாள் கழுவினால் தடம் தெரியாமல் போகிறது.

வேக்ஸ் என்றதும் பெட்டியில் கார்னோபா என்று எழுதியிருக்கும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. கருநீலத்தின் மேல் அது தரும் ஆழமான மினுமினுப்பு எனக்குப் பிடிக்கும். சென்னை வெயிலில் அது ஒன்றரை மாதம் நின்றால் அதிகம். செயற்கை சீலன்ட் மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது, அழகில் ஒரு மாற்றுக் குறைவு. இப்போது கையில் இருப்பது செராமிக் ஸ்ப்ரே. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பூசுகிறேன், கழுவுவது எளிதாகியிருக்கிறது. கடைகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு பூசும் செராமிக் கோட்டிங்கின் விளம்பரத்தில் 9எச் கடினம் என்று போடுவார்கள். அது பென்சிலின் கடினத்தை வைத்து அளக்கும் அளவுகோல். அதைக் கேட்டுவிட்டு மணல் கீறாது என்று நம்பினால் ஏமாற்றம்தான். தண்ணீர் முத்து முத்தாக உருளுவதைக் காட்டும் காணொளிகளிலும் ஒரு பாதி உண்மை மறைந்திருக்கிறது: உப்புத் தண்ணீர் உள்ள ஊரில், துடைக்காமல் விட்ட ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளைப் புள்ளி. பூச்சு போட்ட பிறகு துடைப்பதில் முன்பைவிடக் கவனம் தேவைப்படுகிறது.

களிமண் கட்டியை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் எடுப்பதில்லை. கழுவிய பானட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையை விரலில் சுற்றித் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் அது ஒட்டிப் பதிந்துபோன தூசி. அப்போது மட்டும் போதும். வழுக்கும் திரவம் தாராளமாகத் தெளிக்க வேண்டும், கட்டி தரையில் விழுந்தால் குப்பைக்குத்தான். கீறலுக்குப் பற்பசை தேய்ப்பது நம் ஊர் வைத்தியம். அதிலும் இருப்பது அரைக்கும் பொருள்தான், எவ்வளவு அரைக்கும் என்ற கணக்குத்தான் யாருக்கும் தெரியாது.

கவர் போடுவதில்லை. தூசி படிந்த வண்டியின் மேல் காற்றில் அசையும் கவர், உப்புத்தாள் போலத்தான் வேலை செய்யும்; மழைக்காலத்தில் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஊருக்குப் போனால் மட்டும், கழுவி நன்றாக உலர்ந்த பிறகு.

சர்வீஸுக்கு விடும்போது வேலைச் சீட்டில் "கழுவ வேண்டாம்" என்று எழுதச் சொல்லுங்கள். இலவசமாகக் கழுவித் தருகிறார்கள் என்ற மகிழ்ச்சியில் ஒருமுறை பேசாமல் இருந்துவிட்டால், அவசர அவசரமாகத் தேய்த்த தடம் பின்கதவில் வீடு வந்து சேரும். எங்கள் வண்டியில் தெரியும் சுழல் கீறல்களில் பெரும்பகுதி அப்படி ஓர் இலவசச் சேவையில் வந்ததுதான். தெருமுனை வாட்டர் சர்வீஸ் கடைக்கு மழைக்காலத்தில் போவேன். அடியில் படிந்த சேற்றை லிஃப்டில் ஏற்றிக் கழுவ வீட்டில் வழியில்லை. மேலே துடைக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் பானட்டின் முன்விளிம்பில் கல் தெறித்த புள்ளிகள் இருக்கின்றன. ஷாம்புவும் வேக்ஸும் அங்கே எதுவும் செய்ய முடியாது. நகத்தால் தடவினால் தட்டுப்படும் எந்தக் காயமும் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் பொறுத்திருக்கலாம். பானட் தகடு, கடலோரமாகப் போகும் ஈ.சி.ஆர். பக்கம் அடிக்கடி போகும் வண்டி என்றால் துருவுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. வண்டியின் நிறக் குறியீட்டைச் சொல்லி டச்சப் பெயின்ட் வாங்கி, தூரிகையை விட்டுவிட்டுப் பல்குத்தும் குச்சியின் முனையால் ஒரு சொட்டு வைத்து நிரப்புகிறேன். அருகே வந்து பார்த்தால் தெரியும். துரு மட்டும் இன்னும் வரவில்லை.