மிரியோடு மூன்று வருடம்: கடைசி வரி ஒன்றின்மேல்தான் கோபம்

குன்னூர் நண்பர் நேற்று போனில் கேட்டார்: "மிரி மிரின்னு சொல்றீங்களே, எங்க போர்டு கோடுக்கும் அது ஆகுமா?" மிரி என்பது ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய கோடை ஓட்டிப் பார்த்து, நினைவகத்தை விதி மீறித் தொடும் இடங்களைப் பிடிக்கும் கருவி. போனில் சொன்னது போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் ஷெட்களுக்கு எடை போர்டு செய்து கொடுக்கிறேன். உள்ளே ஓடுவது ரஸ்ட். எடையை உணரும் லோட் செல்லிலிருந்து வரும் பைட்டுகளைக் கையாளும் இடத்தில் மட்டும் அன்சேஃப், அதாவது கம்பைலர் சரிபார்க்காமல் என் பொறுப்பில் விடும் கோடு. மூன்று வருடம் முன்பு ஒரு ஷெட்டில், மூட்டையைத் தராசில் வைத்த அக்கா, "தம்பி, எனக்கு முன்னாடி வச்சவங்க எடையே எனக்கும் நிக்குது பாருங்க" என்றார். 18.4 கிலோ. தூக்கிப் பார்த்தாலே தெரிந்தது, 25க்குக் குறையாது. சோதனைக்கான டீபக் பில்டில் இந்தத் தப்பு வரவே இல்லை. கம்பைலர் வேகத்துக்காகச் செதுக்கும் ரிலீஸ் பில்டில், அதுவும் தராசைப் பூஜ்யமாக்கும் டேர் பட்டனை அழுத்திய பிறகு வரும் முதல் எடையில் மட்டும் வந்தது.

இரண்டு வாரம் தலையை உடைத்துக்கொண்டேன். மிரி முதல் ஓட்டத்திலேயே காட்டிவிட்டது. எடை இருந்த இடத்தை மாற்றக்கூடிய ரெஃபரன்ஸாக ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குள்ளேயே பழைய ரா பாயின்டர் (கம்பைலர் கண்காணிக்காத வெறும் முகவரி) வழியாகவும் எழுதியிருந்தேன். அப்படி ஒரு ரெஃபரன்ஸ் வந்தால் வேறு யாரும் அந்த இடத்தைத் தொடமாட்டார்கள் என்பதுதான் கம்பைலரின் கணக்கு. 2021இல் வந்த 1.54 பதிப்பிலிருந்து அதை, கோடை வேகப்படுத்தும் அடுத்த கட்டமான எல்எல்விஎம்முக்கும் சொல்லிவிடுகிறது. நினைவகத்தை மறுபடி படிக்காமல், பிராசசரின் ரெஜிஸ்டரில் இருந்த பழைய எடையே திரையில் வந்ததற்குக் காரணம் இதுதான்.

பாயின்டர் எந்த வரியில் பிறந்தது, எந்த வரியில் உரிமை இழந்தது, அதற்கப்புறம் எங்கே பயன்படுத்தினோம் என்று மூன்றையும் வரி எண்ணோடு மிரி தருகிறது. வேறு எந்தக் கருவியும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன். அதே செய்தியின் அடியில் ஒரு குறிப்பு வரும்: மீறப்பட்ட ஸ்டாக்ட் பாரோஸ் விதிகள் (எந்தப் பாயின்டர் எந்த இடத்தை எப்போது தொடலாம் என்பவை) இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கின்றனவாம். போன மாதம் நான்கு பைட் எடையைப் படிக்க, முதல் பைட்டின் ரெஃபரன்ஸிலிருந்து பாயின்டர் எடுத்து அடுத்த மூன்றுக்கும் நகர்ந்தேன். மிரி நிறுத்திவிட்டது. முழு அரேயிலிருந்து பாயின்டர் எடுக்கும்படி பதினோரு இடங்களில் மாற்றினேன். இரண்டு மாலை போனது. அப்புறம் ட்ரீ பாரோஸ் என்ற மாற்று விதிக்கான ஃபிளாக் போட்டுப் பழைய கோடை ஓட்டினால், ஒரு சத்தமும் இல்லாமல் பாஸ்! முந்தைய முறை ஒவ்வொரு இடத்துக்கும் பாயின்டர்களை அடுக்காக வைக்கிறது. இது தாய், பிள்ளை என்று மரமாக வைக்கிறது. அதிகம் பயன்படும் 30,000 ரஸ்ட் கிரேட்களில் (பலரும் பகிரும் கோடு தொகுப்புகளில்) ஓட்டிப் பார்த்தபோது, ஸ்டாக்ட் பாரோஸைவிட ட்ரீ பாரோஸ் நிராகரித்த டெஸ்ட்கள் 54 சதவீதம் குறைவு என்று 2025 ஆய்வுக்கட்டுரை சொல்கிறது. அப்படியிருக்க, ஃபிளாக் எதுவும் போடாதவனுக்கு இன்னும் பழைய விதிதான். புதிதாக வருபவன் எதை நம்புவான்?

நியாயமாகச் சொன்னால், அந்தக் குறிப்பை மறைக்காமல் போடுவது நேர்மைதான். ஆனால் மூடுபனி இறங்கி, கரண்ட் எப்போது போகுமோ என்று பார்த்தபடி 40 நிமிட ஓட்டத்துக்குக் காத்திருப்பவனுக்கு அந்த நேர்மை எரிச்சலைத்தான் தருகிறது.

மற்றது தெரிந்ததுதான். ரஸ்ட்டின் தினசரிச் சோதனைப் பதிப்பான நைட்லி வேண்டும். ஹார்டுவேரைத் தொடும் கோடு அதில் ஓடாது, எனவே பைட் படிக்கும் பகுதியைத் தனியே பிரித்துக் கம்ப்யூட்டரில் டெஸ்ட் எழுத வேண்டும். டெஸ்ட் போகாத பாதையில் தப்பு இருந்தால் அதற்குத் தெரியாது.

நண்பருக்கு என் பதில்: இந்த சீசனில் தொடாதீர்கள், கொழுந்து வரத்து குறைந்ததும் போடுங்கள், முதல் நாளே ட்ரீ பாரோஸில் ஆரம்பியுங்கள். நான் மட்டும் இரண்டு விதியிலும் ஓட்டாமல் ஒரு போர்டையும் ஷெட்டுக்கு அனுப்புவதில்லை. மாற்றிய அந்தப் பதினோரு இடங்களையும் அப்படியே விட்டிருக்கிறேன்.