ஃபெரிட்டினா, சீரம் இரும்பா?

பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் தோழிகள் அடிக்கடி கேட்பது இது: உடலில் இரும்புச்சத்து போதுமா என்று அறிய எந்தப் பரிசோதனை நல்லது?

எதை அளக்கிறது?
சீரம் இரும்பு: அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடும் இரும்பை. பர்ஸில் உள்ள பணம்.
ஃபெரிட்டின்: உடலின் சேமிப்பை. வங்கிக் கணக்கு.

எப்போது எடுப்பது?
சீரம் இரும்பு: ஒரே நாளிலும் ஏறி இறங்கும், முந்தைய இரும்பு மாத்திரைகூட அதை உயர்த்திவிடும். பெரும்பாலும் காலையில், வெறும் வயிற்றில்.
ஃபெரிட்டின்: இதை மட்டும் எடுத்தால் பட்டினி தேவையில்லை.

எங்கே ஏமாற்றும்?
ஃபெரிட்டினுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. தொற்று, அழற்சி, கல்லீரல் நோய் இருந்தால் சேமிப்பு காலியாக இருந்தாலும் எண் உயரும். டெங்கி வந்து தேறும் நாள்களில் எடுத்த அளவை நம்பவே வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியில், பெரியவர்களுக்குப் பற்றாக்குறையின் எல்லை லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். அழற்சி இருந்தால் 70.
சீரம் இரும்போ அழற்சியில் இறங்கும்.

ஓயாத களைப்பு, அதிக மாதவிடாய், கர்ப்பம், சைவ உணவு என்றால் என் தேர்வு ஃபெரிட்டின்தான். நாள்பட்ட நோயோ, இரும்பு மிகுதி என்ற சந்தேகமோ இருந்தால் சீரம் இரும்புடன் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை) சேர்த்துப் பார்க்கவேண்டும். ஃபெரிட்டின் சரியாக இருந்தும் சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால், மாத்திரை வாங்குமுன் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.