காட்ஸில்லா (1954) பின்னணி இசை: ஹெட்போன் அவசியம்

ஜப்பானிய ராட்சத மிருகப் படத்துக்கு அகிரா இஃபுகுபேயின் இசை, பழைய மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவு. இரைச்சல் இருக்கிறது, பரவாயில்லை.

எடுத்த எடுப்பில் மிருகத்தின் உறுமல்! கான்ட்ராபாஸ் என்ற ராட்சத வயலின் மாதிரி வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து எடுத்த சத்தம். வயலின் வாசிக்கிற எனக்கு விரலே கூசிப்போனது. பின்னாலேயே இறங்குமுகமாக மூன்றே சுரம், விடாமல் துரத்துகிறது. தாளம் நாலும் ஐந்துமாக மாறுவதால் கை தானாக ஒன்பது போட்டது. சங்கீர்ண சாபு (கர்நாடக இசையின் ஒன்பது எண்ணிக்கைத் தாளம்) பழகியவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ராணுவ மார்ச் எனக்குக் கொஞ்சம் ஓவர் உற்சாகம். டோக்கியோ அழிந்தபின் வரும் மாணவிகளின் சேர்ந்திசைப் பிரார்த்தனைக்காகவே காசு கொடுக்கலாம். பல துண்டுகள் சட்டென்று முடிந்துவிடுவதுதான் எரிச்சல். போன் ஸ்பீக்கரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அடித்தந்திகள் காதுக்கே எட்டாது.