மைக்ரோபிட்டுக்கு எது: மேக்கோடா, ஸ்கிராட்சா?

மைக்ரோபிட் என்பது நாம் நிரல் செய்து இயக்கும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு. அதற்கு நிரல் செய்ய உதவும் மேக்கோடு, ஸ்கிராட்ச் இரண்டிலும் வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்துவதுதான் வேலை. நிரல் எங்கே ஓடுகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

மைக்ரோசாஃப்டின் மேக்கோடில் செய்த நிரல் உலாவியிலேயே, போர்டுக்குப் புரியும் ஹெக்ஸ் கோப்பாக மாறிவிடும். அதை யுஎஸ்பி வழியே போர்டில் ஏற்றிவிட்டால், அப்புறம் கணினி தேவையில்லை. இரண்டு ஏஏஏ பேட்டரி போதும். போர்டைத் தோட்டத்துக்கே கொண்டுபோய் மண்ணின் ஈரத்தை அளக்கலாம். போர்டு கையில் இல்லையா, திரையிலுள்ள சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, அதே கட்டங்களை ஜாவாஸ்கிரிப்டாகவோ பைத்தானாகவோ மாற்றிக் காட்டும் வசதி. 'நான்கு முறை செய்' என்ற கட்டம் கண்ணெதிரே ஃபார் லூப்பாக மாறும்போது, எழுத்து நிரல் மீதான பயம் பாதி போய்விடும். தனியாக இயங்கும் கருவி செய்யவேண்டும் என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஸ்கிராட்சில் நிரல் கணினியில்தான் ஓடும். ஸ்கிராட்ச் லிங்க் என்ற இணைப்பு மென்பொருளைக் கணினியில் நிறுவி, போர்டைப் புளூடூத்தில் இணைக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் போர்டு சும்மா கிடக்கும். ஈரம் அளப்பதற்கான கட்டமும் கிடையாது. போர்டின் ஓரத்திலுள்ள இணைப்பு முனை ('பின்') தொடப்பட்டதா என்று மட்டுமே அறியலாம். சரி, ஆனால் போர்டைச் சாய்த்ததும் திரையில் பூனை ஓடும்! 8 வயதுக் குழந்தைக்கு அந்த ஓட்டத்தைத்தான் முதலில் காட்டுவேன்.