46,500 ரூபாய் கட்டி என் தம்பியை நானே கூலிக்கு அனுப்பி வச்ச கதை

இன்னைக்குக் காலைல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல லோடு இறக்கிட்டுத் திரும்புறப்போ ரோட்டோரமா ஒரு ஃப்ளெக்ஸ் பார்த்தேன். "சமுதாயக் கல்லூரி. முன்னணி நிறுவனங்களுடன் ஒப்பந்தம். 100% வேலைவாய்ப்பு. அட்மிஷன் நடைபெறுகிறது." அதுக்குக் கீழே "பணியில் அமர்ந்த எங்கள் மாணவர்கள்"னு போட்டு வரிசையா பசங்க படம். மேல் வரிசைல மூணாவதா என் தம்பி சிரிச்சிக்கிட்டு நிக்கிறான்.

வண்டிய ஓரங்கட்டி அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். கை நடுங்குச்சு. ரெண்டு மாசமா அந்த ஆளுங்க பின்னாடி நாயா அலையறேன், போன் எடுக்க மாட்டேங்குறானுங்க, அவனுங்க போர்டுல என் தம்பி சிரிக்கிறான். அதான் இதை இப்பவே எழுதிடணும்னு உட்கார்ந்துட்டேன். பேர் போடல. போட்டா கேஸ் போடுவோம்னு அவனுங்க ஏற்கெனவே மிரட்டியாச்சு. திண்டுக்கல் சுத்துவட்டாரத்துல இருக்கிறவங்களுக்குப் படிச்சாலே புரியும். மத்தவங்க உங்க ஊர்ல இதே மாதிரி ஒண்ணு இருக்கான்னு பாருங்க, கட்டாயம் இருக்கும். கடைசில என்னென்ன பார்த்து சேரணும்னு ஒரு பத்து பாயின்ட் எழுதுறேன்.

தம்பி பிளஸ் டூ காமர்ஸ் குரூப். 600க்கு 412. காலேஜ் போறதுல அவனுக்கு இஷ்டமில்ல, "அண்ணே, சீக்கிரமா சம்பாதிக்கிற மாதிரி ஏதாச்சும்"னு கேட்டான். எனக்குக் குட்டி யானை ஓட்டிப் பழக்கம், படிப்பைப் பத்தி என்ன தெரியும்? பக்கத்துத் தெரு அக்காதான் நோட்டீஸ் கொண்டாந்து கொடுத்தாங்க. ஒரு வருஷ டிப்ளமோ, ஆட்டோமொபைல் டெக்னீஷியன். ஆறு மாசம் வகுப்பு, ஆறு மாசம் சென்னை பக்கத்துல ஒரகடத்துல கம்பெனிக்குள்ளேயே டிரெய்னிங், மாசம் 15,000 ஸ்டைஃபண்ட், முடிச்சதும் அதே கம்பெனில வேலை.

நேர்ல போனோம். அம்மாவும் வந்தாங்க. டைரக்டர்னு ஒருத்தர். அம்மா உள்ள வந்ததும் எழுந்து நின்னு, தன் நாற்காலிய இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா"ன்னார். அங்கேயே நாங்க விழுந்துட்டோம்னு இப்பத்தான் புரியுது. எங்கம்மாவுக்கு எந்த ஆபீஸ்லயும் யாரும் நாற்காலி போட்டதில்ல. டீ வந்துச்சு. சுவத்துல கண்ணாடிச் சட்டம் போட்டு முத்திரைத்தாள்ல ஒரு ஒப்பந்தம், மேலே பெரிய கம்பெனி லோகோ, பக்கத்துல கோட்டு போட்ட ரெண்டு பேர் கை குலுக்குற போட்டோ. "இதுதாம்மா எங்க எம்.ஓ.யு. பயப்படாதீங்க, இவன் எனக்கும் தம்பி மாதிரிதான்"னார். அப்பவே போனை ஸ்பீக்கர்ல போட்டு, "ஹெச்.ஆர். சாரா? அடுத்த பேட்ச்ல எத்தனை பேர் வேணும்?"னு கேட்டார். அந்தப் பக்கம், "இருபது பசங்க இருந்தாலும் அனுப்புங்க சார்". அம்மா என் முகத்தைப் பார்த்தாங்க. அவ்ளோதான், முடிஞ்சது.

கட்டின கணக்கு இது. விண்ணப்பம் 1,500. கோர்ஸ் ஃபீஸ் 35,000. யூனிஃபார்ம், ஷூ, டூல் கிட் 4,000. பிளேஸ்மென்ட் டெபாசிட் 6,000, படிப்பு முடிஞ்சதும் திருப்பித் தருவாங்களாம். மொத்தம் 46,500. அம்மாவோட சங்கிலி கூட்டுறவு பேங்க்ல போச்சு, மிச்சம் என் வண்டி டியூவுக்கு வச்சிருந்தது. கோர்ஸ் ஃபீஸ்ல 20,000 ஜிபேல போட்டேன். திரைல கல்லூரி பேர் வரல, ஏதோ ஒரு பொம்பளைப் பேர் வந்துச்சு. "அக்கவுண்ட்ஸ் மேடம் நம்பர்தாங்க"ன்னானுங்க. நானும் பட்டனை அமுக்கிட்டேன். அந்த ஒரு அமுக்குக்கு என்னையே செருப்பால அடிச்சுக்கணும்.

வகுப்பைப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஷெட்ல ஒரு பழைய மாருதி எஞ்சின் கிடந்துச்சாம், அதையே கழட்டி மாட்டி கழட்டி மாட்டி. மூணாவது மாசம் சொல்லிக்கொடுத்த சார் சம்பளம் வரலைன்னு நின்னுட்டார். அதுக்கப்புறம் பசங்களே யூடியூப் பார்த்துட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்துடுவாங்க. தம்பி என்கிட்ட சொல்லல. பணம் கட்டியாச்சே, அண்ணன் வருத்தப்படும்னு.

ஆறு மாசம் கழிச்சு ஒரகடம் போனான். முதல் மாசம் போன்ல, "நல்லா இருக்குண்ணே". ரெண்டாவது மாசம், "பரவால்லண்ணே". தீபாவளிக்கு வந்தவன் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்து, நகத்துக்குள்ள பசை காய்ஞ்சு கிடக்கு, தேங்காண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் போகல. என்னடா வேலைன்னு கேட்டா, வண்டிக்கு வர்ற பிளாஸ்டிக் பார்ட்டு மேல ஒட்டியிருக்கிற பாலிதீன் தாளை உரிக்கணுமாம். உரிச்சு, பசையைத் துடைச்சு, பின் பெட்டில அடுக்கணும். பன்னிரண்டு மணி நேரம். இதுதான் ஆட்டோமொபைல் டெக்னீஷியன் டிரெய்னிங்.

15,000ன்னு சொன்னது அங்க போனதும் 11,000 ஆயிடுச்சு. அதுல ரூம் 2,000, மெஸ் 3,000, யூனிஃபார்ம் 500 பிடிச்சு கைக்கு 5,500. யூனிஃபார்முக்கு இங்க ஒரு தடவை 4,000 வாங்கினது தனி. நாலு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தான், அப்புறம் காய்ச்சல்ல படுத்தவனை நானே போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு அந்த கம்பெனி கேட்ல நடந்ததைச் சொல்லணும். செக்யூரிட்டி, தம்பி பேர் கம்பெனி லிஸ்ட்லயே இல்லைங்கிறார். கான்ட்ராக்டர் பசங்களுக்குத் தனி வழி, தனி நோட்டு. கான்ட்ராக்டரோட சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிச்சீங்களான்னு கேட்டா, "அவன் டிரெய்னிங்க, டிரெய்னிக்கு எதுக்கு பி.எஃப்.?" சரி, அப்ரண்டிஸ்னா, அதாவது தொழில் பழகுற பையன்னா, அதுக்குப் பதிவு எங்கேன்னு கேட்டா, "அவன் கான்ட்ராக்ட் லேபருங்க, அப்ரண்டிஸ் இல்ல". ஒரே போன்ல, ஒரே நிமிஷத்துல. நான் விடாம கத்தவும் அந்த ஆள் வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டார்: "உங்க இன்ஸ்டிடியூட்டுக்கு ஆளுக்கு 3,000ன்னு நாங்க செட்டில் பண்ணியாச்சு. பாதில போனா நாங்கதான் நஷ்டப்படுறோம்."

புரியுதா? நான் 46,500 கட்டியிருக்கேன். அதுக்கு மேல என் தம்பி தலைக்கு 3,000 வாங்கியிருக்கானுங்க. ஆள் பிடிச்சுக் கொடுக்கிற புரோக்கருக்கு ஆளோட அண்ணனே காசு கொடுத்திருக்கேன்.

வீட்டுக்கு வந்து, முதல் நாள் தம்பி அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னாடி நின்னு எடுத்த செல்ஃபிய நோண்டி எடுத்துப் பெருசாக்கிப் பார்த்தோம். லோகோதான் பெரிய கம்பெனியோடது. கீழே கையெழுத்து போட்டிருக்கிறது ஒரு மேன்பவர் ஏஜென்சி. உள்ள எழுதியிருக்கிறது, தேவைக்கேற்ப ஆட்களை அனுப்பி வைப்பதுன்னு. பயிற்சிங்கிற வார்த்தை தலைப்பைத் தாண்டி எங்கேயும் இல்ல. ஒரு வருஷத்துக்குன்னு போட்டது, நாங்க டீ குடிச்ச அன்னைக்கே காலாவதி. பொய்யே சொல்லல பாருங்க! ஒப்பந்தம் இருந்துச்சு. அது யாரோட, எதுக்குன்னுதான் நாங்க படிக்கல.

எங்க மாமா ஒருத்தர் மதுரைல பாலிடெக்னிக் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட போய் சமுதாயக் கல்லூரின்னாலே ஃபிராடான்னு கேட்டேன். கோபப்பட்டார். அது நல்ல எண்ணத்துல வந்ததுடான்னார். அமெரிக்கால ஊருக்கு ஊர் இருக்கிற மாதிரி, பாதில படிப்பை விட்ட பிள்ளைங்களுக்கும் வசதியில்லாத பிள்ளைங்களுக்கும் கைத்தொழில் கத்துக் கொடுத்து, உள்ளூர்க் கம்பெனிகளோட சேர்ந்து வேலைக்கு அனுப்பணும்னு 1995ல பாண்டிச்சேரில ஆரம்பிச்சது, அடுத்த வருஷம் மெட்ராஸ்ல. 2013-14ல மத்திய அரசோட யு.ஜி.சி.யும் ஒரு திட்டம் போட்டு, இருக்கிற காலேஜ்கள்லேயே இதை நடத்தப் பணம் கொடுத்துச்சு. என்ன பாடம் வைக்கணும், பையன் எங்க பழகணும்ங்கிறதுல கம்பெனிக்காரனும் வந்து உட்காரணும், அதுதான் டை-அப்பு, ஆள் அனுப்புறது டை-அப் இல்லைன்னார். "இவனுங்க அந்தப் பேரை மட்டும் எடுத்து மாட்டிக்கிட்டானுங்க."

அப்புறம் அவர் சொன்ன ஒண்ணுதான் இன்னும் வயித்தெரிச்சல். அப்ரண்டிஸ்னா 1961லேயே சட்டம் இருக்கு. ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும், ஸ்டைஃபண்ட் கொடுக்கணும், அனுமதி இல்லாம ஓவர்டைம் வாங்கக் கூடாது. 2016லேர்ந்து அந்த ஸ்டைஃபண்டுல ஒரு பங்கை அரசாங்கமே தருது. அதோட, தம்பி படிச்சது கவர்மெண்ட் ஸ்கூல். பேசாம அரசு ஐ.டி.ஐ.ல சேர்த்திருந்தா மாசம் 750 உதவித்தொகை, பஸ் பாஸ், அரசோட தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் இன்னொரு 1,000. அவனுக்குக் காசு வந்திருக்கும். நாங்க 46,500 கொடுத்துட்டு வந்தோம்.

சரி, திருப்பிக் கேக்கப் போனோம். முதல் தடவை, "சார் மீட்டிங்ல இருக்காங்க". ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், மீட்டிங் பின்வாசல் வழியா பைக்ல போறதை ஜன்னல்ல பார்த்தேன். ரெண்டாவது தடவை, "சார் டெல்லி போயிருக்காங்க". மூணாவது தடவை ஆள் மாட்டினார். அதே ஆள், அதே நாற்காலி, அம்மா நின்னுக்கிட்டே இருந்தாங்க. "உங்க பையன் பாதில ஓடி வந்துட்டான், டெபாசிட் ஃபார்ஃபீட் ஆயிடுச்சு. ரூல்ஸ்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே." அப்ப அந்தப் படிச்ச ஆறு மாசத்துக்கு சர்டிஃபிகேட்டாவது கொடுங்கன்னு கேட்டா பிரிண்டிங்ல இருக்காம். எந்த போர்டு தருது சார்னு கேட்டேன். "கவர்மெண்ட் அப்ரூவ்டு"ன்னார். எந்த கவர்மெண்டுன்னு கேட்டதுக்கு, "நீங்க பிரச்சினை பண்ணணும்னே வந்திருக்கீங்க"ன்னு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

ஸ்டேஷன் போனேன். ரசீது இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு, 1,500க்கும் 15,000க்கும். மிச்ச 30,000க்கு, டெபாசிட்டையும் சேர்த்து, அந்த அக்கவுண்ட்ஸ் மேடம் ஜிபேவும் ஒரு துண்டுச் சீட்டும்தான். "இது சிவில் மேட்டருப்பா, பேசித் தீர்த்துக்கங்க." யார்கூடப் பேசித் தீர்க்க? முதல்வர் ஹெல்ப்லைன் 1100ல புகார் பதிஞ்சிருக்கேன், நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915லயும் நம்பர் கொடுத்திருக்காங்க. வந்தா எழுதுறேன்.

பத்து பாயின்ட் எழுதுறேன்னு சொன்னேன். நாளைக்கு விடியக்காலைல லோடு இருக்கு, மூணு மணிக்கு எந்திரிக்கணும், அதனால தோணுறதைச் சொல்லிடுறேன். ஒப்பந்தத்தைக் காட்டினா லோகோவைப் பார்க்காதீங்க, கீழே கையெழுத்து யாரோடது, தேதி என்னன்னு பாருங்க. போட்டோ எடுத்துட்டு வந்து அந்தக் கம்பெனி நம்பரைத் தனியாத் தேடி, நீங்களே போன் போடுங்க. அவன் ஸ்பீக்கர்ல போட்டுத் தர்ற போனை நம்பாதீங்க, அந்த ஹெச்.ஆர். சார் யாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தனி ஆள் அக்கவுண்டுக்குப் பணம் போடாதீங்க. டெபாசிட்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. அதுக்கும் முன்னாடி அரசு ஐ.டி.ஐ.ல ஒரு எட்டு கேட்டுட்டு வாங்க. கிராமத்துப் பிள்ளைங்களுக்கு இலவசமா தங்க வச்சுச் சொல்லிக்கொடுக்கிற தீன்தயாள் திட்டம் ஒண்ணு 2014லேர்ந்து இருக்காம், அதையும் விசாரிங்க. சர்டிஃபிகேட் யார் தர்றாங்கன்னு... எனக்கே அதுல முழுசா வெளங்கல, படிச்சவங்க யாராச்சும் கூட வச்சுக்கிட்டுப் போங்க. அவ்ளோதான் இப்பத்திக்கு.

ஃப்ளெக்ஸ்ல போட்டிருக்கிற நம்பருக்கு யாராச்சும் போன் போட்டீங்கன்னா, மேல் வரிசைல மூணாவதா நிக்கிற பையன் எங்க வேலை பார்க்கிறான்னு மட்டும் கேட்டுப் பாருங்க. அவன் இப்ப என் வண்டில தக்காளிப் பெட்டி கட்டிக்கிட்டு இருக்கான்.