14,860 ரூபாய் போச்சு, ரேடியேட்டர் ஃபேன் மட்டும் சுத்தவே இல்லை

வீட்டுக்கே வந்து பைக்கை எடுத்துப்போய், சர்வீஸ் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடும் ஆப்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அதில் ஒன்றிடம் 14,860 ரூபாயைக் கொடுத்துவிட்டு வயிறெரிந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நண்பன் பயமுறுத்தி வைத்திருக்கிறான். ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். இந்த மாதிரி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 200 சிசி, லிக்விட் கூல்டு வண்டி, அதாவது கூலண்ட் என்ற திரவம் ஓடித்தான் இன்ஜின் சூட்டைத் தணிக்கும். இந்த வகை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றால் ஃபேன் போட்டுக்கொண்டு முழங்காலில் அனல் அடிக்கும். ஆற்காடு ரோட்டில் ஆபீஸ் விட்டு வரும்போது அந்தச் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தேன். மீட்டரில் டெம்பரேச்சர் கட்டம் ஒவ்வொன்றாக ஏறியது. வடபழனி தாண்டுவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. ஓரம் கட்டிப் பார்த்தால் ரிசர்வ் பாட்டிலில் கூலண்ட் கொதித்துக் கொண்டிருந்தது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் ஃபேனுக்கு வேலை. கூலண்ட் சுமார் 100 டிகிரியைத் தொடும்போது சென்சார் சொல்லி, ஈசியு என்கிற வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர் ரிலேவை, அதாவது ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சைத் தட்டி, ஃபேன் சுற்ற வேண்டும். அதனால்தான் ஈசிஆர் ஹைவேயில் சும்மா பறந்த வண்டி வடபழனியில் மூச்சு முட்டி நின்றது. இந்த விஷயமெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. 14,860 ரூபாய் ஃபீஸ் கட்டிப் படித்த பாடம் ஆச்சே.

ஆப்பில் புக் செய்ததும் மறுநாள் காலையிலேயே ஒரு பையன் வந்தான். அவன் மேல் எனக்கு இன்னும் முழுசாகக் கோபம் வரவில்லை, அதுதான் எரிச்சலே. சுத்தமான யூனிஃபார்ம், கையில் டேப்லெட். சீட்டுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டான். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்தான். டேங்கின் அடியில் ஒரு கீறல் இருக்கிறது, எனக்கே அது மறந்து போயிருந்தது. குனிந்து, அதையும் விரலால் தடவிப் பார்த்து டேப்லெட்டில் வட்டம் போட்டான். "நாளைக்கு நீங்க எங்களைக் கேக்கக் கூடாது பாருங்க சார்" என்று சிரித்தான். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரை அவனே கழுவி வைத்தான். அந்த டம்ளர்தான் என்னைக் கவிழ்த்தது. சாவியைக் கையில் கொடுத்து, "பார்த்துச் செய்யுங்கப்பா" என்றேன். "உங்க வண்டி இல்ல சார், இனிமே இது எங்க வண்டி" என்றான்.

மதியம் சர்வீஸ் சென்டரிலிருந்து போன். குரலில் அவ்வளவு கவலை. "சார், ஃபேன் மட்டும் பிரச்சினை இல்ல. ஓவர்ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க." ஹெட் கேஸ்கெட் என்றால் இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கூலண்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு. வாட்ஸ்அப்பில் பார்த்தால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டுகிறார்கள், உள்ளே ஆயில் பால் டீ மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கூலண்ட் ஆயிலோடு கலந்தால் அப்படித்தான் ஆகும் என்பது உண்மைதான். "இப்படியே ஓட்டுனா இன்ஜின் சீஸ் ஆயிடும் சார், அப்புறம் நாற்பதாயிரத்துல நிக்கும்." கேஸ்கெட் செட், ஃபேன் அசெம்ப்ளி புதுசு, டெம்பரேச்சர் சென்சார், கூலண்ட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 14,860 ரூபாய். அரை மணி நேரத்துக்குள் அப்ரூவ் செய்து முழுப் பணமும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லாட் போய்விடுமாம். கட்டினேன். ஜிபேயில் ஒரே தட்டு.

வண்டி பளபளவென்று வாட்டர் வாஷ் ஆகி வந்தது. அதே ஆற்காடு ரோடு, அதே சிக்னல். கட்டம் ஏறுகிறது. ஃபேன் சுற்றவில்லை.

இனிமேல்தான் கூத்து. முதலில் ஆப்பில் சாட் செய்தேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பதில். நான் என்ன எழுதினாலும் அதே வரி திரும்பத் திரும்ப வந்தது. போன் செய்தால், "புது கூலண்ட் செட் ஆகணும் சார், நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க" என்றார்கள். கூலண்ட் என்ன தோசை மாவா, புளிக்க வைக்க? அடுத்த தடவை வேறு ஆள் எடுத்தார். "சென்னை வெயில்ல எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது நான் பஸ் ஸ்டாப் கூரைக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். மழை சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

பில்லைக் கேட்டேன். ஆப்பில் எஸ்டிமேட்தான் இருந்தது, ஜிஎஸ்டி பில் கிடையாது. கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்." வாரண்டி என்று எழுதியிருக்கிறதே என்றால், "அது மெக்கானிக்கல் வேலைக்கு. ஃபேன் எலக்ட்ரிக்கல்ல வரும்" என்கிறார்கள். அப்படியானால் ஃபேன் அசெம்ப்ளிக்கு என்று வாங்கிய காசு எந்தக் கணக்கில் வரும்? மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். மேனேஜர் ஊருக்குப் போயிருக்கிறார். மேனேஜர் கூப்பிடுவார். அந்த மோர் குடித்த பையனுக்கும் போன் போட்டேன். "நான் இப்ப அங்க இல்லண்ணா" என்று வைத்துவிட்டான். கீறல் தேடும்போது சார், காசு போன பிறகு அண்ணா. கடைசியில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்.

நண்பன் சொல்லித்தான் புதுப்பேட்டையில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயசானவர், வளவளவென்று பேச்சு கிடையாது. ஃபேனுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து நேராகத் தொட்டார். ஃபேன் சர்ரென்று சுற்றியது. மோட்டார் நன்றாக இருக்கிறது. சீட்டைத் தூக்கி ஃபியூஸைப் பார்த்தார், அதுவும் சரி. பிறகு ஃபேன் ரிலேவைப் பிடுங்கிவிட்டு, அது உட்காரும் இடத்தில் 30, 87 நம்பருக்கான இரண்டு துளையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். மறுபடியும் ஃபேன் சுற்றியது. ஒயரிங்கும் பழுதில்லை என்று அர்த்தம். ரிலேவின் கறுப்பு மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்து என் கையில் வைத்தார். உள்ளே காண்டாக்ட் கரிந்து போய், ஓரமெல்லாம் பச்சைப் பாசி பிடித்திருந்தது. "முன்னாடி எப்பவோ வாட்டர் வாஷ் அடிக்கறப்போ தண்ணி எறங்கியிருக்கு தம்பி."

புது ரிலே 180 ரூபாய். கூலி 200. வண்டியை ஐடிலில் விட்டோம், கட்டம் ஏறியது, ரிலே டக் என்றது, ஃபேன் ஓடியது. இந்த 380 ரூபாய் வேலைக்குத்தான் நான் 14,860 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அந்த 14,860-ல் இந்த வேலையும் நடக்கவில்லை.

அவர் அதோடு விடவில்லை. டார்ச் அடித்து ஃபேனைக் காட்டினார். "புதுசுன்னா சொன்னாங்க?" இறக்கைகளின் பின்பக்கம் நாலு வருஷத்துச் சேறு இறுகிப்போய் இருக்கிறது. போல்ட் தலையில் கம்பெனியில் வைத்த மஞ்சள் பெயின்ட் கோடு கலையவே இல்லை. ஹெட் போல்ட்களிலும் ஸ்பானர் பட்ட அடையாளம் இல்லை, துரு அப்படியே படிந்திருக்கிறது. ஹெட்டைத் தொடவே இல்லை. கேஸ்கெட் செட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டினேன். கடைசி நொடியில் கேமரா கொஞ்சம் ஆடுகிறது. மூலையில் ஒரு கிக்கர் தெரிகிறது. என் வண்டியில் கிக்கரே கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட் மட்டும்தான். யாருடைய வண்டியையோ காட்டி என்னிடம் 14,860 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதே வீடியோ இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறதோ.

இதையெல்லாம் போட்டோவோடு அனுப்பி, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. அடுத்த சர்வீஸில் 500 ரூபாய் தள்ளுபடி கூப்பனாம்! "உனக்கு விவரம் பத்தலை, நீ ஏன் கொடுத்தே" என்று கமென்ட் போடப் போகிறவர்கள் தயவுசெய்து அப்படியே நகர்ந்து போய்விடுங்கள். திருடினவனை விட்டுவிட்டு என்னை வந்து கேட்காதீர்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுக் காத்திருக்கிறேன். அதற்குள் சுருக்கமாக: ஃபேன் ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், ரிலே, கனெக்டர் பார்க்கச் சொல்லுங்கள், ஃபேனுக்கு நேராக பேட்டரி கரண்ட் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கூலண்ட் குறைந்து சென்சாரைக் காற்று சூழ்ந்திருந்தாலும் ஃபேன் போடாது, அதனால் அளவையும் பாருங்கள். ஆனால் இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கையே வைக்காதீர்கள், முகத்தில் பீய்ச்சி அடிக்கும். வீடியோ அனுப்பினால் நம்பர் பிளேட்டிலிருந்து ஆரம்பித்து வெட்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். கழற்றும் பார்ட்ஸ் எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் போடுங்கள். பில் கைக்கு வராமல் முழுப் பணம் கட்டாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

லைன் கிடைத்துவிட்டது. வைக்கிறேன்.