அரசு வேலையா, தனியாரா: எந்த எரிச்சல் உங்களுக்குப் பழகும்?

அரசு வேலையில் நிம்மதி, தனியாரில் காசு. இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் பலரும் இந்த ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்ன கணக்கில், இந்த நிம்மதியும் காசும் ஒரே கூடையில்தான் கிடக்கின்றன. பணிப் பாதுகாப்பும் சம்பளமும் குறைந்தால் மனம் கசக்கும். இருந்துவிட்டால் மட்டும் வேலையில் ருசி வந்துவிடாது என்றார். ருசி தருபவை என்று அவர் எண்ணியவை வேறு: செய்து முடித்த திருப்தி, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி.

அந்தத் திருப்தி தனியாரில் சீக்கிரம் கிடைக்கும். காலையில் சொன்ன யோசனை மாலைக்குள் வேலையாகத் தொடங்கியிருக்கும். அடுத்த காலாண்டுக் கணக்கு இடித்தால் அந்தப் பிரிவையே மூடிவிட்டுப் போய்விடுவார்கள், அது வேறு கதை. அரசில் ஒரு கோப்பு ஐந்து மேசை ஏற வேண்டும். நான்காவது மேசையிலிருந்து 'விளக்கம் தேவை' என்ற இரண்டே சொல்லோடு திரும்பி வரும், மறுபடி முதலிலிருந்து. வெறுத்துத்தான் போகும். ஆனால் ஒருமுறை உத்தரவாகிவிட்டால், எழுதியவர் ஓய்வு பெற்ற பிறகும் அது நின்று பேசும்.

அங்கீகாரத்தில் தனியார்தான் மேல். அரசில் பெரும்பாலும் பணி மூப்புதான் பேசும்: மாங்கு மாங்கென்று உழைத்தவரும் கடிகாரத்தைப் பார்த்திருந்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இதைப் பொறுக்க முடியாதவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

அப்புறம் சேவை மனம். பொதுப்பணி மீதான ஈர்ப்பை அளக்க அமெரிக்கப் பொது நிர்வாக ஆய்வாளர் ஜேம்ஸ் பெர்ரி 1996-இல் ஓர் அளவுகோல் தந்தார். அதில் நான்கு கூறுகள்: கொள்கை வகுப்பதில் நாட்டம், பொதுநலப் பற்று, இரக்கம், தன்னலம் துறத்தல். பணிப் பாதுகாப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அரசுத் தேர்வு அறையில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் ஊருக்கு உழைக்க வந்திருக்கலாம், மற்றவர் வேலை போகாது என்பதற்காக வந்திருக்கலாம். எழுதுவது ஒரே வினாத்தாள்.

சரி, சேவை மனம் உள்ளவர் தனியாரில் இருக்கக் கூடாதா? தாராளமாக இருக்கலாம். தனியார் மருத்துவமனை நர்ஸிடமும் அதே இரக்கம்தான். பணம் கட்ட முடியாத நோயாளி வந்து நிற்கும்போது, முடிவு அவர் கையில் இருக்காது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், என்ன வேண்டும் என்று யோசிப்பதைவிட எந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போக முடியும் என்று யோசிப்பது சுலபம். திரும்பி வந்த கோப்பை நான் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுதிவிடுவேன். மூடப்பட்ட பிரிவுதான் தூங்கவிடாது.